மறைக்க மலை இல்லாத டெல்டாவில் மைக்ரோவேவ் பேண்டைப் பகிர்வது எப்படி? ஹாம்களுக்கான முழு வழிகாட்டி

கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருக்கும் ஹாம்களுக்கு (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்களுக்கு) ஒரு வசதி உண்டு. ஒருவர் அனுப்புவது இன்னொருவரைத் தொந்தரவு செய்தால் நடுவில் நிற்கும் மலையே பாதி வேலையைப் பார்த்துவிடும். திருச்சிக்குக் கிழக்கே, காவிரி டெல்டாவில், அந்தத் துணை கிடையாது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை தரை மட்டம்தான். மறைப்பதற்குத் தென்னந்தோப்பும் பூமியின் வளைவும் மட்டுமே உண்டு, அந்த வளைவும் சில இரவுகளில் கைவிட்டுவிடும். அதனால் 1.2, 2.4, 5.7, 10 கிகாஹெர்ட்ஸ் பகுதிகளில் வேலை செய்கிறவர்கள் ஒருவரையொருவர் பிரித்துக்கொள்ள வேண்டிய பிரிவினையைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

குறுக்கீடு வந்தவுடன் பெரும்பாலோர் முதலில் அலைவரிசையை மாற்றுகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டியது. பவர், டிஷ் பார்க்கும் திசை, போலரைசேஷன் (அலை நிமிர்ந்து அதிர்கிறதா, படுக்கையாகவா என்பது), ஃபில்டர் (வேண்டாததை வடிகட்டுவது) என்று வரிசையாகப் பார்த்து, எதுவும் பலிக்காதபோதுதான் அலைவரிசைக்கு வர வேண்டும். காரணம் எளிது. மாற்றிப்போன இடத்திலும் யாரோ இருப்பார்கள், அவர்களும் இதே சமவெளியில்தான் இருப்பார்கள்.

உரிமத்தை எடுத்து மேசையில் வையுங்கள்

இந்தியாவில் ஜெனரல் வகுப்பு உரிமத்தில் மைக்ரோவேவ் பக்கம் ஹாம்களுக்கு வழக்கமாகக் காணப்படுவது 1260–1300, 3300–3400, 5725–5840 மெகாஹெர்ட்ஸ். உங்கள் உரிமத்தோடு வந்த இணைப்பில் என்ன அச்சிடப்பட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம். 2.4, 10 கிகாஹெர்ட்ஸில் பட்டனை அழுத்தும் முன் அந்தப் பகுதி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வெளிநாட்டு பேண்ட் பிளானைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

3300 பகுதியை இந்த வழிகாட்டியில் இதற்கு மேல் தொடப் போவதில்லை. 2022 ஏலத்தில் 3300–3670 மெகாஹெர்ட்ஸ் 5ஜி-க்குப் போய்விட்டது. கும்பகோணம் பேருந்து நிலையத்தருகே அந்த அலைவரிசையில் கேட்டுப் பார்த்தால் மிச்சம் என்ன இருக்கிறது என்பது புரியும்.

பகிர்ந்த பேண்டில் நாம் பெரும்பாலும் இரண்டாம் நிலைப் பயனாளர். முதல் நிலைப் பயனாளருக்கு இடைஞ்சல் தரக் கூடாது, அவரால் நமக்கு வரும் இடைஞ்சலுக்கு முறையிடவும் முடியாது. 1260–1300-ல் ராடாரும் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களும் உண்டு. ஐரோப்பிய வழிகாட்டி அமைப்பான கலிலியோவின் ஈ6 சமிக்ஞை 1278.75-ஐ மையமாகக் கொண்டது. அகலமான டிவி சமிக்ஞையை அதன் மேல் போடாதீர்கள். 5725–5875-ல் உரிமம் தேவையில்லாத வைஃபை இணைப்புகள் 2018 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. ஊருக்கு ஊர் கேபிள் டிவிக்காரர் மொட்டைமாடியில் வைத்திருக்கும் வெள்ளை டிஷ் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் ஓடுகிறது. ஹாமுக்கும் ஹாமுக்கும் இடையே மட்டும் சம உரிமை. முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர் என்ற கணக்கு பேண்டில் செல்லாது.

பதிவேடு: எழுதாமல் ஒருங்கிணைக்க முடியாது

ஒரு பொது விரிதாள் போதும். ஒவ்வொரு நிலையத்துக்கும் இவை வேண்டும்: அழைப்புக்குறி, ஆறெழுத்து லொக்கேட்டர் (பூமியைக் கட்டங்களாகப் பிரித்து இடத்தைச் சொல்லும் ஹாம் குறியீடு), மைய அலைவரிசை, அகலம், போலரைசேஷன், டிஷ் பார்க்கும் திசை டிகிரியில், தரையிலிருந்து ஆன்டெனா உயரம், இஐஆர்பி, வழக்கமாக இயங்கும் நேரம்.

லொக்கேட்டர் ஏன் ஆறெழுத்து? திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாமே நாலெழுத்துக் கணக்கில் எம்கே90-க்குள் அடங்கிவிடும். மயிலாடுதுறை மட்டும் எம்கே91. நாலெழுத்தை வைத்துக்கொண்டு யார் யாரை நோக்கி நிற்கிறார் என்று சொல்லவே முடியாது. ஆறெழுத்து என்றால் கிழக்கு மேற்காக சுமார் 9 கிலோமீட்டர், தெற்கு வடக்காக நாலரை கிலோமீட்டர் அளவுக்கு இடம் குறுகிவிடும்.

இஐஆர்பி கட்டத்தில் ரேடியோவின் வாட்டை எழுதுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. கேபிளில் போன இழப்பைக் கழித்து, ஆன்டெனா கெயினை (அலையை ஒரே பக்கம் குவிப்பதால் கிடைக்கும் பெருக்கத்தை) கூட்டி வருவதுதான் இஐஆர்பி. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபல் தின்னும் (டெசிபல் பவர் விகிதத்தின் அளவு; 3 என்றால் இரு மடங்கு, 10 என்றால் பத்து மடங்கு), எல்எம்ஆர்-400 என்ற தடித்த கேபிள் மீட்டருக்குக் கால் டெசிபலுக்கும் குறைவு. பத்து மீட்டர் ஆர்ஜி-58 போட்டவரும் எல்எம்ஆர்-400 போட்டவரும் ஒரே 5 வாட் பெட்டியை வைத்திருந்தாலும் வெளியே போவதில் 8 டெசிபல் வித்தியாசம்.

ஆற்றங்கரை ஊர்களின் நேர்க்கோட்டுச் சிக்கல்

டெல்டாவுக்கே உரிய பிரச்சினை இதுதான். இங்கே ஊர்கள் வரிசையில் நிற்கின்றன, அதனால் இணைப்புகளும் வரிசையில் நிற்கின்றன.

5.8 கிகாஹெர்ட்ஸில் ஒரு மெஷ் இணைப்பை (வைஃபை பெட்டிகளை ஊருக்கு ஊர் கோர்க்கும் வலையை) தஞ்சாவூர்–கும்பகோணம்–மயிலாடுதுறை என்று இழுப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு தாவலும் (ஒரு டிஷ்ஷிலிருந்து அடுத்த டிஷ் வரை) வான்வழியில் சுமார் 33 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 55 டிகிரி திசையில், கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை 62 டிகிரி திசையில். வளைவு ஏழே டிகிரி. அதாவது தஞ்சாவூர் டிஷ் கும்பகோணத்தைப் பார்க்கும்போது அதன் கற்றைக்குள் மயிலாடுதுறையும் மூன்றரை டிகிரி தள்ளி நிற்கிறது.

இரண்டு தாவலுக்கும் ஒரே அலைவரிசை கொடுத்தால் சாதாரண நாளில் தப்பித்துவிடலாம். தஞ்சாவூருக்கும் மயிலாடுதுறைக்கும் நேர்த்தூரம் 66 கிலோமீட்டர். அந்தத் தூரத்தின் நடுவில் பூமியின் வீக்கம் 64 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை எழுப்பி நடுவில் நிறுத்தியது போன்ற தடுப்பு அது. ஆனால் காற்று அடங்கி வானம் தெளிந்த பனிக்கால, கோடைக்கால இரவுகளில் தரையை ஒட்டிய ஈரமான குளிர்காற்றின் மேல் வறண்ட சூடான காற்று படியும். ஒளிவிலகல் அளவு உயரத்தோடு வேகமாகக் குறைந்து, கிலோமீட்டருக்கு 157 N அலகு (காற்றின் ஒளிவிலகலை அளக்கும் அலகு) என்ற அளவைத் தாண்டினால் அலை பூமியின் வளைவோடு சேர்ந்தே வளைந்து ஓடும். அதுதான் டக்ட். அன்று அந்தத் தடுப்பு இல்லை.

அப்போது மயிலாடுதுறையில் என்ன கேட்கும்? தூரம் இரட்டிப்பானதால் தஞ்சாவூர் சமிக்ஞை 6 டெசிபல் குறைவு. 60 செ.மீ. டிஷ் என்றால் 5.8-ல் கற்றை அகலம் சுமார் 6 டிகிரி. மூன்றரை டிகிரி விலகலுக்கு ஒவ்வொரு முனையிலும் 4 டெசிபல். ஆக வேண்டிய சமிக்ஞைக்கும் வேண்டாததற்கும் இடையே 14 டெசிபல்தான். 64-க்யூஏஎம் என்ற வேகமான அனுப்பும் முறைக்கு 22–25 டெசிபல் தேவை. இணைப்பு விழாது, ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் வேகம் தரைமட்டத்துக்குப் போய், காலை எட்டு மணிக்குத் தானாகச் சரியாகிவிடும். உடனே ரௌட்டரை மாற்றுவார்கள், கேபிளை மாற்றுவார்கள். இரண்டும் வீண்செலவு.

டிஷ்ஷை 90 செ.மீ. ஆக்கினால் கற்றை 4 டிகிரிக்குச் சுருங்கி, முனைக்கு 9 டெசிபல் கிடைக்கும், மொத்தம் 24. முதல் தாவலை வெர்டிகல், அடுத்ததை ஹரிசாண்டல் என்று மாற்றி வைத்தால் கூடுதலாகச் சுமார் 20 டெசிபல். அதற்கு ஒரு ஸ்பேனரும் ஃபீடை (டிஷ்ஷின் முன்னால் இருக்கும் சிறு ஆன்டெனாவை) திருப்பும் நேரமும் போதும்.

தஞ்சாவூர்–திருவாரூர்–நாகப்பட்டினம் வரிசை இதைவிட மோசம். மூன்றும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், கிழக்கு மேற்காக ஒரே கோட்டில் கிடக்கின்றன. கோண வித்தியாசமே இல்லை, பெரிய டிஷ் போட்டும் பயனில்லை. நாகப்பட்டினத்தில் நின்று பார்த்தால் திருவாரூர் 22 கிலோமீட்டர், தஞ்சாவூர் 77 கிலோமீட்டர். டக்ட் இரவில் இரண்டுக்கும் இடையே 11 டெசிபல்தான். இந்த வரிசையில் போலரைசேஷனை மாற்றுவது கட்டாயம், அதோடு அலைவரிசையையும் மாற்றினால் நிம்மதி.

கடல் மேல் டக்ட் இன்னும் நீளும். கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 70 கிலோமீட்டர்தான். தெற்கே டிஷ் திருப்பி வைத்திருப்பவர்கள் பதிவேட்டில் இலங்கை ஹாம்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

உயரம் கூடினால் எல்லாம் கூடும்

33 கிலோமீட்டர் தாவலின் நடுவில் பூமி வீக்கம் 16 மீட்டர். 5.8 கிகாஹெர்ட்ஸில் முதல் ஃப்ரெனல் மண்டலத்தின் (நேர்க்கோட்டைச் சுற்றி அலைக்குத் தடையின்றி வேண்டிய இடத்தின்) அறுபது சதவீதம் 12 மீட்டர். வெறும் வயல் என்றாலும் இரு முனையிலும் 28 மீட்டர் தேவை, நடுவில் தென்னந்தோப்பு இருந்தால் அதன் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். இதைப் பார்த்துவிட்டு எல்லோரும் உயரமான இடம் தேடுவார்கள். தேவைக்கு மேல் ஏறினால் தூரத்து ஊர்களின் குறுக்கீடும் சேர்ந்து ஏறும். தாவலை 15 கிலோமீட்டராக வெட்டினால் வீக்கம் மூன்றே கால் மீட்டர், ஃப்ரெனல் எட்டரை மீட்டர். இடையில் ஒரு நண்பர் மாடி கிடைத்தால் போதும். 15 கிலோமீட்டர் தாவல்கள்தான் டெல்டாவுக்குச் சரி.

வயலைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, நடவுக்கு வயலில் தண்ணீர் கட்டியதும் அந்தப் பரப்பு முழுவதும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். நேர் அலையும் எதிரொலித்த அலையும் சேரும்போது சில உயரங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மே மாதம் நன்றாக ஓடிய இணைப்பு ஜூலையில் 10 டெசிபல் சரிந்தால் அண்டை நிலையத்தைக் குறை சொல்லும் முன் ஆன்டெனாவை அரை மீட்டர், ஒரு மீட்டர் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அளவு ஏறி இறங்கினால் அது எதிரொலி, குறுக்கீடு இல்லை.

பவரைக் கணக்கிட்டுக் குறைப்பது

15 கிலோமீட்டர், 5805 மெகாஹெர்ட்ஸ். வெட்டவெளி இழப்பு = 32.44 + 20 லாக் (கிலோமீட்டர்) + 20 லாக் (மெகாஹெர்ட்ஸ்) = 131 டெசிபல். இரு முனையிலும் 60 செ.மீ. டிஷ், ஒவ்வொன்றின் கெயினும் 28.6 டிபிஐ. அனுப்பும் பவர் 10 டிபிஎம், அதாவது 10 மில்லிவாட் மட்டும்.

10 + 28.6 + 28.6 − 131 = −64 டிபிஎம்.

20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு வெப்ப இரைச்சல் −101 டிபிஎம், ரிசீவரின் இரைச்சலுக்கு 5 டெசிபல் சேர்த்தால் −96. ஆக 32 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. 16-க்யூஏஎம் என்ற சற்று மெதுவான முறைக்கு 15 டெசிபல் போதும், மங்கலுக்கு மிச்சம் 17 டெசிபல் கையில். பெட்டிக்குள் இயல்பாக வைத்திருக்கும் 27 டிபிஎம்-ஐ அப்படியே விட்டால் தேவைக்கு மேல் 17 டெசிபல் ஊருக்குப் போகிறது, ஐம்பது மடங்கு.

செய்முறை இது: இணைப்பை முழு பவரில் நிறுத்தி, டிஷ்ஷைச் சரியாகத் திருப்பி, அதன் பிறகு 3 டெசிபலாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். தேவையான வேகம் முதல்முறை தடுமாறும் இடத்தைக் குறித்து, அதற்கு மேல் 15 டெசிபல் வைத்து நிறுத்துங்கள். டிஷ் சரியாகத் திரும்பாமல் இருப்பதைப் பவர் கூட்டிச் சமாளிப்பதுதான் இந்தப் பகுதியில் நடக்கும் குறுக்கீட்டில் பாதிக்குக் காரணம் என்பது எங்கள் கணிப்பு. அகலத்தை 20-லிருந்து 10 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தால் இரைச்சல் 3 டெசிபல் இறங்கும், பக்கத்திலுள்ளவருக்கு இடமும் கிடைக்கும். எழுத்துச் செய்தியும் புகைப்படமும் அனுப்ப 5 மெகாஹெர்ட்ஸே தாராளம்.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது

முதலில் சொந்த வீடு. எஸ்டிஆர் டாங்கிளோடு (கணினியில் செருகும் சிறு ரேடியோவோடு) மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டி, வீட்டின் மெயினை அணைத்துப் பாருங்கள். யூஎஸ்பி 3 கேபிளும் ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சலை ஏற்றும். 10 கிகாஹெர்ட்ஸை எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் இருந்து அலைவரிசையை இறக்கித் தரும் பெட்டி) வழியாகக் கேட்பவர்கள் உண்மையில் கேபிளில் 740 மெகாஹெர்ட்ஸைத்தான் கேட்கிறார்கள். 1080பி ஹெச்டிஎம்ஐ-யின் கடிகாரம் 148.5 மெகாஹெர்ட்ஸ், ஐந்து மடங்கு 742.5. வரவேற்பறை டிவியை அணைத்ததும் 10492.5-ல் நின்ற கோடு காணாமல் போனால் ஊர்க்காரர் யாரையும் தேட வேண்டாம். 700 மெகாஹெர்ட்ஸ் 5ஜி பேண்டில் கைபேசிகள் அனுப்பும் பகுதி 703–748. அதனால் எல்என்பி கேபிளின் உறை மட்டமாக இருந்தால் பக்கத்தில் யாராவது போன் பேசும்போதெல்லாம் இரைச்சல் எகிறும். இரட்டை உறையுள்ள ஆர்ஜி-6-க்கு மாற்றி, எஃப் கனெக்டரை முறுக்கும் வகைக்குப் பதில் அழுத்தும் வகையாகப் போடுங்கள்.

அடுத்தது அட்டெனுவேட்டர் (சமிக்ஞையைக் குறைக்கும் சிறு துண்டு) சோதனை. இதைச் செய்யாமல் யாரிடமும் புகார் கொண்டுபோகாதீர்கள். ரிசீவரின் முகப்பில் 10 டெசிபல் அட்டெனுவேட்டரைப் போடுங்கள். குறுக்கீடு சரியாக 10 டெசிபல் குறைந்தால் அது உண்மையிலேயே வானத்தில் அந்த அலைவரிசையில் இருக்கிறது. 20 அல்லது 30 டெசிபல் விழுந்தால் அங்கே அப்படி எதுவும் இல்லை. வேறு இரண்டு வலுவான சமிக்ஞைகள் உங்கள் ரிசீவருக்குள் கலந்து பிறந்த குழந்தை அது. அப்படியென்றால் மருந்து உங்களிடம்தான் இருக்கிறது: ப்ரீஆம்புக்கு (முதல் பெருக்கிக்கு) முன்னால் பேண்ட்பாஸ் ஃபில்டர் (வேண்டிய பகுதியை மட்டும் உள்ளே விடுவது). 2.4-ல் கேட்பவர்களுக்கு இது அநேகமாகத் தேவைப்படும், ஏனென்றால் 2300–2400 முழுவதும் 4ஜி கோபுரங்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கரையோரத்தில் காரைக்காலில் இருக்கும் வானிலை ராடாரும் எஸ் பேண்ட்தான் (2–4 கிகாஹெர்ட்ஸ்). அது தாளத்தோடு சுழன்று வரும் துடிப்பாகக் கேட்கும்.

அட்டெனுவேட்டரில் 10-தான் விழுந்தது என்றால் வாட்டர்ஃபாலை (சமிக்ஞைகள் நேரத்தோடு ஓடுவதைக் காட்டும் எஸ்டிஆர் திரையை) பாருங்கள். 20 மெகாஹெர்ட்ஸுக்குத் தட்டையான மேடு, விளிம்பு செங்குத்து: வைஃபை அல்லது மெஷ். சில நூறு கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் தோள் வழுவழுப்பாக இறங்கும் மேடு: ஹாம்களின் டிஜிட்டல் டிவி. ஒற்றைக்கோடாக நின்று வெயில் ஏற ஏற நகர்ந்தால் ஏதோ ஒரு ஆஸிலேட்டர் கசிகிறது. பேசும்போது மட்டும் இருபுறமும் சிதறினால் எஸ்எஸ்பி-யை (குறுகிய அகலத்தில் பேச்சு அனுப்பும் முறையை) யாரோ கூடுதலாக ஓட்டுகிறார்.

திசை பார்க்க டிஷ்ஷைச் சுழற்றி உச்சத்தைக் குறியுங்கள். உச்சம் தட்டையாக இருந்தால், அளவு 3 டெசிபல் விழும் இரண்டு பக்கங்களையும் குறித்து நடுவை எடுப்பது துல்லியம். இங்கே காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் 2 டிகிரிக்குள்தான் வித்தியாசம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இன்னொருவரிடமும் திசை வாங்கி வரைபடத்தில் கோடு போட்டால் வெட்டும் இடம் கிடைக்கும். ஊருக்குள் கோபுரமும் தண்ணீர்த் தொட்டியும் எதிரொலிக்கும் என்பதால் மூன்றாவது கோடு ஒன்று இருப்பது நல்லது.

சந்தேகம் ஒருவர் மேல் விழுந்தால் ஒரு நிமிடம் நிறுத்தி, ஒரு நிமிடம் ஓட்டி, இப்படி மூன்று சுற்று. இரு பக்கமும் கடிகாரத்தைச் சரிசெய்து கொண்டு செய்யுங்கள். ஒரு சுற்று தற்செயலாகப் பொருந்தலாம், மூன்றும் பொருந்தாது.

இந்தச் சோதனையின்போது இரண்டு மீட்டர் பேண்டில் (144 மெகாஹெர்ட்ஸ் பகுதியில்) பேசுவோம். அங்கே ஒரு பொறி இருக்கிறது. 144 மெகாஹெர்ட்ஸின் ஒன்பது மடங்கு 1296, நாற்பது மடங்கு 5760, எழுபத்திரண்டு மடங்கு 10368. உலகம் முழுவதும் மெல்லிய சமிக்ஞை கேட்கும் இடங்கள் இவைதான். பேச்சுக்கு 144.0-ஐ ஒட்டி நின்றால் உங்கள் ஹார்மோனிக்கே கேட்கும் இடத்தில் வந்து உட்காரும். 145.500-க்குப் போனால் ஒன்பது மடங்கு 1309.5, பேண்டுக்கு வெளியே.

எந்த இடத்தை யாருக்கு விடுவது

5.7-ல் ஒரு உடன்பாடு போதும். வைஃபை 153-ஆம் சேனல் 5755–5775-ஐ எடுத்துக்கொள்கிறது, 5760 அதற்குள் சிக்கிவிடும். மெஷ்காரர்கள் 161, அதாவது 5805 மையத்துக்குப் போனால் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. 165-ஐ எடுத்தால் அது 5835-ல் முடியும், பேண்ட் விளிம்பான 5840-க்கு ஐந்தே மெகாஹெர்ட்ஸ். 20-க்கு மேல் அகலம் அங்கே வேண்டாம். 2.4-ல் மெஷ் வைத்தால் முதல் சேனலை விட்டுவிடுங்கள். செயற்கைக்கோளுக்கு 2400-ல் அனுப்புபவரின் ஓரக்கதிர் (டிஷ்ஷின் பக்கவாட்டில் கசியும் அலை) அதன் விளிம்பை உரசும். 2437 மையம் நல்லது.

கியூஓ-100: ஒரே டிரான்ஸ்பாண்டரில் எல்லோரும்

டெல்டாவில் மைக்ரோவேவ் என்று ஆரம்பிப்பவர்களில் பலர் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். 2018 நவம்பரில் ஏவப்பட்ட எஸ்ஹெய்ல்-2 செயற்கைக்கோளில் ஹாம்களுக்காக உள்ள டிரான்ஸ்பாண்டர்கள்தான் (வந்த சமிக்ஞையை வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும் கருவிகள்) கியூஓ-100; அது கிழக்கு 25.9 டிகிரியில் நிற்கிறது. குறுகிய டிரான்ஸ்பாண்டருக்கு மேலே அனுப்ப 2400.000–2400.500, கீழே கேட்க 10489.500–10490.000. இரண்டுக்கும் வித்தியாசம் 8089.5 மெகாஹெர்ட்ஸ். 10489.700-ல் கேட்க வேண்டுமானால் 2400.200-ல் அனுப்ப வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து திசை 262 டிகிரி, ஏற்றம் 28 டிகிரி. நாகப்பட்டினத்தில் ஏற்றம் சுமார் முக்கால் டிகிரி குறையும், திருச்சியில் சுமார் அரை டிகிரி கூடும். மாடியில் நாலு மீட்டர் உயரத்தில் டிஷ், மேற்கே 20 மீட்டர் தென்னை என்றால் மரம் 30 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். எல்என்பி சுழற்சி இங்கே 77 டிகிரி, டிஷ்ஷின் பின்னால் நின்று செயற்கைக்கோளைப் பார்க்கும் நிலையில் வலஞ்சுழியாக. ஐரோப்பியப் படங்களில் காட்டும் 10, 20 டிகிரியை அப்படியே வைத்தால் குறுகிய டிரான்ஸ்பாண்டருக்குப் பதில் அகலமானதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அனுப்பும் ஃபீட் ஹெலிக்ஸ் (சுருள் ஆன்டெனா) என்றால் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். டிஷ்ஷில் பட்டுத் திரும்பும்போது சுழற்சி மாறி வலஞ்சுழியாகப் போகும், செயற்கைக்கோளுக்கு வேண்டியது அதுதான். இதைத் தலைகீழாகச் சுற்றியவர் 20 டெசிபல் இழந்துவிட்டு 50 வாட் ஆம்ப்ளிஃபையர் தேடுவார். அந்த 50 வாட்டின் ஓரக்கதிர்தான் தெருவிலுள்ள எல்லா மெஷ் நோடையும் செவிடாக்கும்.

பவர் விஷயத்தில் கணக்கு தெளிவு. 75 செ.மீ. டிஷ்ஷுக்கு 22.5 டிபிஐ, ஃபீடில் 5 வாட் உச்சம் போதும். 1.2 மீட்டர் டிஷ் வைத்திருந்தால் 4 டெசிபல் கூடுதல், 2 வாட்டே போதும். படிகள்:

1. முதலில் கேட்பது மட்டும். நடு பீக்கன் (எப்போதும் ஒலிக்கும் அடையாள சமிக்ஞை) 10489.750-ஐ வைத்து அலைவரிசையைச் சரிசெய்யுங்கள். எல்என்பி-யின் 25 மெகாஹெர்ட்ஸ் படிகம் 390 மடங்காகப் பெருக்கப்படுகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே 10 கிலோஹெர்ட்ஸ், மூன்று எஸ்எஸ்பி உரையாடல்களின் அகலம். சித்திரை வெயிலில் டிசிஎக்ஸ்ஓ (வெப்பத்துக்கு ஈடுகட்டும் படிகம்) இல்லாத எல்என்பி-யை நம்பி அனுப்பாதீர்கள்.

2. காலியான இடத்தில் 100 மில்லிவாட்டில் தொடங்கி, உங்கள் சமிக்ஞையை நீங்களே கேட்டபடி ஏற்றுங்கள். கால் நொடி தாமதத்தில் உங்கள் குரல் திரும்பி வரும், ஹெட்ஃபோன் அவசியம். கேட்காமல் அனுப்புவது இங்கே பெரிய தவறு.

3. பீக்கன் உயரத்தைத் தாண்டாதீர்கள். தாண்டினால் லெய்லா என்ற கண்காணிப்பு அமைப்பு உங்கள் மேலேயே சைரன் ஒலியைப் போடும். டிரான்ஸ்பாண்டரின் கெயின் எல்லோருக்கும் பொதுவானது. ஒருவர் தேவைக்கு மேல் ஏற்றினால் மற்ற எல்லோருடைய சமிக்ஞையும் இறங்கும். இரைச்சலுக்கு மேல் 10–15 டெசிபல் இருந்தால் பேச்சு தெளிவாகவே கேட்கும்.

4. அகலம் 2.7 கிலோஹெர்ட்ஸ். எஃப்எம் கூடாது. டிஜிட்டல் முறைகளில் ஒலி அளவைக் கூட்டினால் பவர் மீட்டர் நகராது, ஆனால் சிதறல் கூடும்.

அகலமான டிரான்ஸ்பாண்டரில் டிவி அனுப்புவோருக்கும் இதே விதிதான். ஸ்பெக்ட்ரம் படத்தில் உங்கள் மேட்டின் உச்சி பீக்கன் மேட்டுக்குக் கீழே இருக்க வேண்டும்.

பேசித் தீர்ப்பது

அளவு இல்லாத புகார் சண்டையில்தான் முடியும். நேரம், அலைவரிசை, அகலம், திசை, டெசிபல், ஒரு ஸ்கிரீன்ஷாட், இவ்வளவும் சேர்த்து அனுப்புங்கள். இப்படி (ஓஎம் என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்): "வணக்கம் ஓஎம். நேற்று இரவு 9.40-க்கு உங்கள் நோடின் விளிம்பு 5760.1-ல் இரைச்சலுக்கு மேல் 8 டெசிபல் வந்தது. அட்டெனுவேட்டர் போட்டுப் பார்த்துவிட்டேன். இன்று அதே நேரத்தில் பத்து நிமிடம் 6 டெசிபல் குறைத்துப் பார்க்க முடியுமா? அளந்து சொல்கிறேன்." குற்றம் சாட்டும் வரி இதில் ஒன்றும் இல்லை, செய்ய வேண்டிய வேலை மட்டும் இருக்கிறது. பெரும்பாலோர் செய்துவிடுவார்கள்.

நேரப் பங்கீடு கடைசி வழி, ஆனால் வெட்கப்பட வேண்டிய வழியில்லை. டிவி சோதனை மாலையில், மெல்லிய சமிக்ஞை கேட்பது விடியற்காலையில் என்று பிரித்தால் போதும். டக்ட் திறக்கும் நேரமும் அதுதான் என்பதால் கேட்பவருக்கு லாபம். ஹாம் அல்லாத ஒருவர் பேண்டில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டால் பதிவுகளோடு தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்புக்கு எழுதலாம். முதல் நிலைப் பயனாளர் உங்களைப் பற்றிச் சொன்னால் முதலில் நிறுத்துங்கள், விசாரணை அப்புறம்.

ஐப்பசி பிறக்கும் முன்

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது கோபுரங்களும் மின்கம்பங்களும் எத்தனை சாய்ந்தன என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படியொரு நாளில் நிவாரண இணைப்புக்கு எந்தச் சேனல் என்பதைப் புயல் சின்னம் உருவாகும் முன்பே பதிவேட்டில் எழுதி வையுங்கள். அந்தச் சேனலில் மற்ற நாட்களில் யாரும் நிரந்தரமாக ஓட்ட வேண்டாம். எச்சரிக்கை வந்ததும் பீக்கன், டிவி, சோதனை நோடு எல்லாவற்றையும் அணைக்கப் பொறுப்பானவர் யார், அவர் ஊரில் இல்லாவிட்டால் மாற்று யார் என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

ஐப்பசிக்கு முன்பே கனெக்டர்களையும் பாருங்கள். நாகை, வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் ஒரே ஆண்டில் N வகை கனெக்டர் பச்சை பூத்துவிடும். துருப்பிடித்த இரும்புக் கிளாம்ப் டயோடு போல வேலை செய்து, பக்கத்துக் கோபுரங்களின் சமிக்ஞைகளைக் கலந்து புதிய அலைவரிசைகளைப் பிறப்பிக்கும். அதற்கு அட்டெனுவேட்டர் சோதனையும் பிடிகொடுக்காது, ஏனென்றால் கலப்பது ரிசீவருக்கு வெளியே. கம்பத்தை ஒரு மரக்கட்டையால் தட்டிப் பாருங்கள். தட்டத் தட்ட வாட்டர்ஃபாலில் கோடு நடுங்கினால் கிளாம்ப்தான். துருப்பிடிக்காத எஃகு கிளாம்பாக மாற்றி, கனெக்டரின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, பாதிப் பாதி மேல்படியச் சுற்றி, அதன் மேல் சாதாரண கறுப்பு டேப் ஒரு சுற்றுப் போடுங்கள்.